அவே மேட்சுக்கு வராதவன் எல்லாம் விசுவாசம் இல்லாதவனா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த கால்பந்து கட்டுரையைப் படிச்சேன். அவே மேட்சுக்கு, அதாவது எதிரணி ஊர்ல நடக்குற ஆட்டத்துக்கு, போற கூட்டம் ஒரு வாரம் ரெண்டாயிரம், அடுத்த வாரம் முந்நூறுன்னு ஏறி இறங்குது, அதனால இந்தக் காலத்து ஃபேன்ஸுக்கு விசுவாசமே இல்லன்னு ஒரே போடா போட்டுட்டாரு எழுதினவரு. கூடவே ஒரு அட்டவணை வேற. நான் பதினோரு வருஷமா இங்கிலாந்துல ஒரு கீழ் டிவிஷன் கிளப் பின்னாடி அலையுறவன், கிளப் பேரு வேணாம், சொன்னா சிரிப்பீங்க. அந்த அட்டவணைல எது சனிக்கிழமை மூணு மணி மேட்ச், எது செவ்வாய்க்கிழமை ராத்திரி மேட்ச்னு போடவே இல்லையே சார்?

ராத்திரி 7:45க்கு கிக்-ஆஃப்னா முடிய மணி பத்து நெருங்கிடும், அதுக்கப்புறம் ரயில் இருந்தா அதிர்ஷ்டம், பஸ்ல வந்தா வீடு சேர விடியக்காலம் மூணு, எட்டு மணிக்கு வேலைக்குப் போயாகணும். இங்கிலாந்தோட தென்மேற்குல இருக்குற பிளைமவுத்ல இருந்து வடக்குக் கோடில இருக்குற கார்லைல் போகணும்னா ஒரு வழிக்கே 400 மைலுக்குக் கொஞ்சம்தான் கம்மி. இங்கிலாந்தோட முதல் டிவிஷனான பிரீமியர் லீக்ல 2016-17 சீசன்ல இருந்து அவே டிக்கெட்டு 30 பவுண்டைத் தாண்டக்கூடாதுன்னு வெச்சிருக்காங்க, நல்ல விஷயம்தான், ஆனா பயணச் செலவுக்கு யாரு உச்சவரம்பு வெப்பா? டிவிக்காக தேதிய மாத்திட்டா முன்னாடியே எடுத்த ரயில் டிக்கெட்டும் போச்சு. ஜெர்மனில அவங்க முதல் டிவிஷனான பண்டஸ்லீகாவுல திங்கக்கிழமை மேட்ச் வேணாம்னு ஃபேன்ஸ் மைதானத்துல டென்னிஸ் பந்தா எறிஞ்சு ரகளை பண்ணி 2021-22ல இருந்து அதையே நிறுத்த வெச்சாங்க. அவங்களுக்கும் விசுவாசம் இல்லன்னு எழுதுவாரா?

இன்னொண்ணு, பிரீமியர் லீக்ல அவே கிளப்புக்கு 3 ஆயிரம் டிக்கெட், இல்ல ஸ்டேடியத்துல 10 சதவீதம், எது கம்மியோ அதுதான் கணக்கு. போர்ன்மவுத் மாதிரி 11 ஆயிரம் சொச்சம் சீட் இருக்குற கிரவுண்டுக்குப் போனா கூட்டம் கம்மியாத்தான் தெரியும், வெளில எத்தனை பேரு டிக்கெட் கிடைக்காம இருந்தாங்கன்னு எந்த அட்டவணை காட்டும்.

எங்க கூட்டத்துல ஒரு பெரியவர் எப்பவும் ஒரு பெரிய கொடி கொண்டுவருவாரு. கூட்டம் நிறைஞ்ச நாள்ல கம்பில கட்ட இடமே இருக்காது, நாலா மடிச்சு மடில வெச்சுட்டு உக்காந்திருப்பாரு. கூட்டம் இல்லாத அன்னைக்கு காலி சீட்டு மேல மூணு வரிசைக்கு விரிச்சுப் போடுவாரு. ஒரு பிப்ரவரி மழைல நாங்க மொத்தமே 83 பேரு, நானே எண்ணினேன், ஆட்டம் அவ்ளோ போர். 4-0 தோல்வி. முடிஞ்சதும் அவரு கொடிய ஒரு முனைல நானும் பிடிச்சுக்கிட்டு துணி துவைக்கிற மாதிரி முறுக்கிப் பிழிஞ்சோம். ‘சனிக்கிழமை பாப்போம்’னாரு, அவ்ளோதான்.

அதுக்கப்புறம் ஒன்றரை சீசன் நான் போகவே இல்ல. ஷிஃப்ட் மாறிடுச்சு, வீட்ல கைக்குழந்தை. திரும்பப் போனப்போ டீம் மேல ஏறிட்டு இருந்துச்சு, பின்னாடி இருந்த ஒரு பையன் ‘தோத்துட்டு இருந்தப்போ உங்களக் காணோமே’ன்னான். சுருக்குன்னுதான் இருந்துச்சு. பெரியவர் ஒண்ணும் சொல்லல, பக்கத்து சீட்ல இருந்த கொடிய எடுத்து மடில வெச்சுக்கிட்டு எனக்கு இடம் விட்டாரு.

இந்த லாயல்டி பாயின்ட் சமாச்சாரத்தையும் கட்டுரைல புகழ்ந்திருந்தாரு. எத்தனை அவே மேட்சுக்கு டிக்கெட் வாங்கினோமோ அத்தனை பாயின்ட், பெரிய மேட்சுக்கு அதிக பாயின்ட் இருக்குறவனுக்கு முதல் உரிமை. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பாயின்டுக்காக டிக்கெட்ட வாங்கிட்டு வீட்லயே இருக்குறவன நானே பாத்திருக்கேன், அவன் விசுவாசி, ஓவர்டைம் போனதால வர முடியாதவன் துரோகி. கணக்குப்பிள்ளை வேலை இது.

மான்செஸ்டர் சிட்டி 1998-99ல மேல இருந்து மூணாவது அடுக்கு டிவிஷன்ல கிடந்துச்சு, டிசம்பர்ல யார்க் சிட்டிகிட்ட தோத்து 12வது இடம், அப்பவும் சொந்த மைதானத்துக்கு சராசரியா 28 ஆயிரம் பேரு வந்தாங்க. அதே ஆளுங்கள்ல நிறைய பேருதான் மே 30, மேல் டிவிஷனுக்குப் போறதுக்கான வெம்பிளி ஃபைனல்ல கில்லிங்ஹாம் ரெண்டு கோல் போட்டதும் எந்திரிச்சு வெளில நடந்தாங்க, கடைசி நிமிஷத்துல சிட்டி ஒண்ணு போட்டு இஞ்சுரி டைம்ல இன்னொண்ணும் போட்டு 2-2 ஆனதும் திரும்ப உள்ள ஓடினாங்க, பெனால்டில ஜெயிச்சாங்க. இப்ப அவங்கள எந்தக் கட்டத்துல போடுவாரு கட்டுரையாளர்?

அடுத்த தடவை அட்டவணை போட்டா கிழமை, கிக்-ஆஃப் நேரம், தூரம், எத்தனை டிக்கெட் குடுத்தாங்க, இந்த நாலுக்கும் ஒவ்வொரு கட்டம் ஒதுக்கச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
83ல ஒருத்தன்