சிட்டுவுக்கு எப்போது ஆபரேஷன்?

பாளையங்கோட்டை
ஐப்பசி 28

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும். இவருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகி, ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து விட வேண்டியிருக்கிறது. அதில் நாள் போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறார், நேற்று பேப்பர்கூடப் படித்தார். மழையும் நன்றாகப் பெய்கிறது.

சரி, உன் நாய்க்குட்டி சிட்டுவுக்குக் கர்ப்பப்பையையும் சூலகத்தையும் எடுக்கும் கருத்தடை ஆபரேஷனை எப்போது செய்வது என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய போட்டோவில் உன் கைப்பைக்குப் பக்கத்தில் நிற்கிறாளே, பையைவிடச் சின்னதாக! சிவாவா இனம் என்றால் சின்னது என்று தெரியும். இவ்வளவு சின்னதாக இருப்பாள் என்று நினைக்கவில்லை. ஐந்தரை மாதம், 1.6 கிலோ என்று எழுதியிருக்கிறாய். ஒரு டாக்டர் ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வரும் முன்பே செய்துவிடச் சொல்கிறார், இன்னொருவர் ஒரு ஹீட் போகட்டும் என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா ஒரு தடவை குட்டி போட்ட பிறகுதான் செய்ய வேண்டும் என்கிறார். "இத்தனை சின்ன உடம்பில் கத்தி வைக்கவே எனக்கு மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிடலாமா?" என்று கேட்டிருந்தாய்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு ஸ்வீட்டி ஞாபகம் வந்துவிட்டது. நீ அவளைப் பார்த்திருக்கிறாய், வெள்ளை வெளேரென்று, வாலைச் சுருட்டிக்கொண்டு. பொமரேனியன் என்றுதான் வாங்கினோம். அந்தக் காலத்தில் நம் ஊரில் பொமரேனியன் என்று விற்றதெல்லாம் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு ஆபரேஷன் செய்ய நானும் பயந்தேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளினேன். ஏழு வயது வரை ஒரு குறையும் இல்லை.

அந்த வருஷம் தீபாவளி நேரத்தில் ஹீட் வந்து போனது. ஒன்றரை மாதம் கழித்து, கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போனாள். வெயில் இல்லாத மார்கழியில் இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சாப்பாட்டை ஒதுக்கினாள், வாந்தி எடுத்தாள். நாங்கள் காட்டிய இடத்தில் வயிற்றுக் கோளாறு என்று மூன்று நாள் ஊசி போட்டார்கள். நான்காம் நாள் வேறு ஒருவரிடம் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தபோது கர்ப்பப்பை முழுக்கச் சீழ். கர்ப்பப்பையின் வாய் மூடிக்கொண்டதால் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை, அதனால்தான் நமக்குத் தெரியவில்லை என்றார் அந்த டாக்டர். அன்று ராத்திரியே ஆபரேஷன் செய்தார். மறுநாள் மாலை வரைதான் இருந்தாள்.

பயோமெட்ரா என்று அதற்குப் பெயர். ஹீட் முடிந்து சில வாரங்களில் வருவதுதான் வழக்கம். ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில் படிக்கும் எங்கள் அண்ணன் மகளிடம் பிறகு கேட்டேன். சுவீடனில் நாய்களுக்கு எடுக்கும் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்தார்களாம். ஆபரேஷன் செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வந்திருக்கிறது. ஆரோக்கியமான குட்டிக்கு நிதானமாக நாள் பார்த்துச் செய்வது வேறு, சீழ் பிடித்த கிழ நாய்க்கு நடுராத்திரியில் செய்வது வேறு. அப்படியே விட்டுவிட்டால் கத்தியிலிருந்து தப்பித்துவிடலாம் என்று நினைக்காதே மல்லிகா. நான் அப்படித்தான் நினைத்தேன்.

குட்டி போட்ட பிறகுதான் செய்ய வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. சிட்டு அளவுள்ள நாய்க்குப் பிரசவமே ஆபத்து. குட்டியின் தலை பெரிதாக இருக்கும், தாயின் இடுப்பெலும்பு குறுகல். வெளியே வர முடியாமல் சிசேரியன் வரை போவது சிவாவாவில் சாதாரணம். பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதே.

இனி மிச்சம் இருப்பது முதல் ஹீட்டுக்கு முன்பா, பின்பா என்பதுதான். இரண்டு டாக்டர்களும் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முன்பே செய்யச் சொல்பவர்கள் மார்புக் கட்டியைக் காரணம் காட்டுவார்கள். 1969-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு இதற்கு அடிப்படை. ஆபரேஷன் செய்யாத நாய்க்கு மார்புக் கட்டி வரும் வாய்ப்பை 100 என்று வைத்துக்கொண்டால், முதல் ஹீட்டுக்கு முன் செய்ததற்கு 0.5, ஒரு ஹீட் கழித்துச் செய்ததற்கு 8, இரண்டு ஹீட் கழித்துச் செய்ததற்கு 26 என்று அதில் கணக்கு வந்தது. 2012-ல் பிரிட்டனில் சிலர் இது சம்பந்தமான ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசிப் பார்த்து, சான்று அவ்வளவு உறுதியானதில்லை என்று எழுதினார்கள். அதனால் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு பதற வேண்டாம்.

பின்பு செய்யலாம் என்பவர்கள் எலும்பும் மூட்டும் வளரட்டும் என்பார்கள். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் மாதிரிப் பெரிய நாய்க்கு அது முக்கியமான விஷயம். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 35 இன நாய்களைப் பார்த்து 2020-ல் ஆய்வு வெளியிட்டார்கள். சிவாவா, பொமரேனியன், மால்டீஸ் போன்ற சின்ன இனங்களில் சீக்கிரம் ஆபரேஷன் செய்ததால் மூட்டு நோய் கூடவில்லை. வயதான பிறகு சிறுநீர் தானாகக் கசியும் தொந்தரவும் பெரிய நாய்களில்தான் அதிகம். வளர்ந்தபின் 20 கிலோவுக்கு உள்ளே இருக்கப்போகும் பெண் நாய்க்கு முதல் ஹீட்டுக்கு முன்பே, ஐந்து ஆறு மாதத்தில் செய்யலாம் என்பதுதான் அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கத்தின் வழிகாட்டுதல்.

ஆனால் 18 கிலோ நாயும் 1.6 கிலோ நாயும் ஒன்றாகிவிடுமா? உன் பயம் அங்கேதான் இருக்கிறது, அது வீண் பயமில்லை. பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வில், ஆரோக்கியமான நாய்களில் மயக்க மருந்தால் இறந்தது ஏறக்குறைய 2,000-க்கு ஒன்று. 5 கிலோவுக்குக் குறைவான நாய்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். சின்ன உடம்பில் சூடு நிற்காது. ஈரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை கொஞ்சம்தான், அதனால் பட்டினி தாங்காது. மருந்தின் அளவில் கொஞ்சம் கூடினாலும் அதற்குப் பெரிய அளவு. மூச்சுக்குழாய் நம் சுண்டுவிரல்கூட இல்லை. இந்த நாலையும் தெரிந்து கவனிக்கிற டாக்டர் கிடைத்தால் பயத்தில் பெரும்பகுதி போய்விடும்.

நம் குட்டிமாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இவள் மினி பொமரேனியன், 1.9 கிலோ. ஸ்வீட்டியை இழந்த பிறகு இனி தள்ளிப்போடவே கூடாது என்று முடிவு செய்து, ஆறரை மாதத்தில் நாள் குறித்துவிட்டேன். முந்தின வாரம் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஈரலும் சிறுநீரகமும் சரியாக இருந்தன, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் மட்டும் குறைவு. பார்த்தால் உண்ணிக் காய்ச்சல்! வெளியே தெரியும்படி ஒன்றுமே இல்லை, ஓடி விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். அந்த நிலையில் வயிற்றைத் திறந்திருந்தால் ரத்தம் நிற்காமல் போயிருக்கலாம் என்றார் டாக்டர். நம் ஊரில் உண்ணி இல்லாத நாய் ஏது? அதனால் வேறு எதை விட்டாலும் இந்தப் பரிசோதனையை விடாதே. சின்ன இனங்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே ஈரலில் ரத்த ஓட்டக் கோளாறு இருக்கும். அது இருந்தால் மயக்க மருந்து உடம்பைவிட்டு வெளியேறத் தாமதமாகும். அதையும் கேட்டுப் பார்க்கச் சொல்.

நான்கு வாரம் மாத்திரை கொடுத்தோம். பிளேட்லெட் சரியாகி, மறுபடி நாள் குறித்தபோது ஹீட் வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. ஹீட் நேரத்தில் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் தடித்திருக்கும், அப்போது செய்யக்கூடாது, இரண்டு மூன்று மாதம் போகட்டும் என்றார் டாக்டர். ஹீட் மூன்று வாரத்தில் முடிகிற விஷயம்தான், ஆனாலும் அந்த மூன்று வாரமும் கேட்டில் தெரு நாய்கள் ஏழெட்டு நிற்கும். நான் அவளைக் கையில் தூக்கிக்கொண்டுதான் மாடிக்குப் போனேன். பெரிய நாய் ஏதாவது ஏறிவிட்டால் இந்த உடம்பு என்ன ஆகும் என்று நினைத்தாலே தூக்கம் வராது. கடைசியில் பதினொன்றரை மாதத்தில்தான் ஆபரேஷன் நடந்தது, நல்லபடியாகவே நடந்தது. ஒரு ஹீட் போய்விட்டதால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. இதை உனக்காகத்தான் சொல்கிறேன், சிட்டு முந்திக்கொண்டால் நீ அழாதே.

அன்றைக்குக் காலை முதல் கேஸாக எடுக்கச் சொன்னேன். முந்தின ராத்திரியிலிருந்தே பட்டினி போடச் சொல்லும் வழக்கம் பெரிய நாய்க்கு. இவளுக்கு விடிகாலை நான்கு மணிக்கு இரண்டு ஸ்பூன் சோறும் கோழியும் கொடுக்கச் சொன்னார், எட்டரை மணிக்கு மயக்க மருந்து. எத்தனை மணி நேரம் என்பதை உன் டாக்டரிடமே தெளிவாகக் கேட்டுக்கொள். நீயாகவே கூட்டிக் குறைக்காதே. அன்று காலையில் அங்கேயே மறுபடி எடை பார்த்துத்தான் மருந்தை அளந்தார். டிரிப்ஸ் போட்டு, மேஜையில் வெந்நீர் பைகளைத் துணியில் சுற்றி வைத்து, ஏசியை நிறுத்திவிட்டுச் செய்தார். இவளுக்கு மேல் கோரைப் பல் இரண்டும் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றன. அதே மயக்கத்தில் அவற்றையும் பிடுங்கிவிட்டார். சிட்டுவுக்குத் தொப்புளில் சுண்டைக்காய் அளவு புடைப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதையும் அதே நேரத்தில் தைத்துவிடலாம். இந்த அளவு நாய்க்கு மயக்கம் ஒரு தடவையோடு போவதுதான் நல்லது.

ஒன்று மறந்துவிடாதே. அந்தப் பிரிட்டன் ஆய்வில் இறந்த நாய்களில் ஏறக்குறைய பாதி, ஆபரேஷன் முடிந்த பிறகுதான் இறந்தன, அதிலும் பெரும்பாலும் முதல் மூன்று மணி நேரத்தில். அதனால் கண் திறந்ததும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே. மாலை வரை அங்கேயே இரு. யார் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே கேள். வீட்டுக்கு வந்த பிறகு தள்ளாடினாலோ, வெடவெடவென்று நடுங்கித் துவண்டாலோ ஈறில் கொஞ்சம் தேனைத் தடவிவிட்டு உடனே போன் செய். வாயில் ஊற்றாதே, புரையேறும். வலிக்கு டாக்டர் கொடுத்த மருந்து மட்டும்தான். நம் வீட்டு வலி மாத்திரை ஒன்று அந்த உடம்புக்கு விஷம்.

கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு அவளைவிடக் கனமாக இருந்தது. பிறந்த குழந்தைக்குப் போடும் பருத்திச் சட்டை ஒன்றைத் தையல் மறையும்படி போட்டுவிட்டேன், பத்து நாளும் நக்கவில்லை. பிறகு பசி கூடும், சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

என் யோசனை இதுதான். இன்னும் ஒரு மாதம் பொறு. ஆறரை மாதத்தில் கோரைப் பற்கள் வந்திருக்கும், தடுப்பூசிகளும் முடிந்திருக்கும். ரத்தம் சரியாக இருந்து, எடையும் நிலையாக ஏறிக்கொண்டிருந்தால் ஹீட்டுக்கு முன்பே செய்துவிடு. அதுவரை அவள் படுக்கையில் வெள்ளைத் துணி விரித்து வை. சின்ன நாய்கள் தாங்களே நக்கிச் சுத்தம் செய்துகொள்வதால் ஹீட் வந்தால் கசியும் ரத்தம் நம் கண்ணில் படாமலே போய்விடும். துணியில் ஒரு பொட்டு கண்டாலும் ஆபரேஷனை நிறுத்திவிட்டு, அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதி, மூன்று மாதம் தள்ளி இன்னொரு வட்டம் போட்டு வை. அந்த வட்டத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதே. கல்யாணம், கச்சேரி, ஊருக்குப் போவது, எதுவானாலும் சரி.

நீ பார்த்த இரண்டு டாக்டர்களில் யார் இந்த அளவு நாய்களுக்கு அடிக்கடி செய்கிறார் என்று கேட்டு, அவரிடமே போ. முன்னே, பின்னே என்று அவர் எதைச் சொன்னாலும் காரணத்தோடு சொல்வார்.

தேதி முடிவானால் எழுது. இவருக்குச் சொட்டு மருந்து அதற்குள் நின்றுவிடும், நான் முந்தின நாளே பஸ் ஏறிவிடுவேன். நீ தனியாக அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டாம். குட்டிமாவின் சட்டையைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், கைப்பக்கம் கொஞ்சம் பிடித்துத் தைத்தால் சிட்டுவுக்குச் சரியாக இருக்கும்.

அன்புடன்,
கோமதி