பெரம்பலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்: ஊராட்சி வாரியாகவும் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்மைக் கணக்கெடுப்பு அலுவலர் என்ற பொறுப்பும் தங்களையே சேர்வதால், 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ணுவதற்கெனக் குறிக்கப்பட்டுள்ள கட்டத்தையொட்டி ஒரு கோரிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன்.

2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தின் மக்கள்தொகை 5,65,223. அன்றிருந்த 32 மாவட்டங்களில் இதுவே மிகக் குறைவு. அவர்களில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் ஊரகத்தில் வாழ்ந்தவர்கள். நகராட்சி என்று சொல்லப் பெரம்பலூர் ஒன்றுதான். குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, இலப்பைக்குடிக்காடு ஆகிய நான்கும் பேரூராட்சிகள். மற்றவை யாவும் நான்கு ஒன்றியங்களுக்கு உட்பட்ட 121 ஊராட்சிகள். ஆயினும் கணக்கெடுப்புத் துறை வெளியிடும் ஊரகப் பட்டியல் ஊராட்சிகளின் பெயரில் வருவதில்லை. வருவாய் கிராமங்களின் பெயரிலேயே வருகிறது.

வருவாய் கிராமம் என்பது புல எண்ணுக்கும் பட்டாவுக்கும் அடங்கலுக்குமாக வகுக்கப்பட்ட நிலத்தின் எல்லை. ஊராட்சி என்பது குடிநீர்த் தொட்டிக்கும் தெருவிளக்குக்கும் வார்டுக்குமாக அமைந்த குடிகளின் எல்லை. தமிழகத்தில் இவ்விரண்டும் பல இடங்களில் பொருந்துவதில்லை. ஒரே வருவாய் கிராமத்தின் குக்கிராமங்கள் வெவ்வேறு ஊராட்சிகளுக்குப் பிரிந்து கிடப்பதும் உண்டு. மாநில நிதி ஆணைய மானியத்தைப் பகிரவும் வார்டுகளை வரையவும் ஊராட்சியின் தலைக்கணக்கே தேவைப்படுகையில், நிலத்தின் எல்லைப்படி எடுத்த எண்ணிக்கையை அலுவலகத்தில் வெட்டி ஒட்டித்தான் அதைப் பெற வேண்டியிருக்கிறது. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலும் 2011ஆம் ஆண்டுக் கணக்கை வைத்தே நடந்தது என்பதை இங்கே நினைவுகூர்கிறேன்.

எல்லைக் குழப்பம் நமக்குப் புதிதன்று. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தோம். 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று, 2002இல் மீண்டும் நம்மோடு சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. 2011இல் மூன்றாக இருந்த வட்டங்கள் ஆலத்தூரையும் சேர்த்து இன்று நான்காகிவிட்டதால், வட்ட அளவிலான பழைய எண்களைப் புதிய எண்களோடு அப்படியே ஒப்பிடவும் இயலாது. வட்டத்தின் பெயர் குன்னம் என்றால் ஒன்றியத்தின் பெயர் வேப்பூர். பெரம்பலூர் மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் இம்மாவட்டத்தது என்பதும், நமது மற்றொரு தொகுதியான குன்னம் சிதம்பரத்தோடு இணைந்திருப்பதும் தங்கள் கைக்கு அப்பாற்பட்டவை. அவற்றைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

நான் கேட்பது சிறியது. கணக்கெடுப்புத் தொகுதிகளை, அதாவது ஒரு கணக்கெடுப்பாளர் எண்ணவேண்டிய பகுதிகளை, பிரிக்கையில், எந்தத் தொகுதியும் இரண்டு ஊராட்சிகளுக்குள் கால் நீட்டாதபடி வட்டாட்சியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்; ஒவ்வொரு தொகுதியின் பதிவிலும் ஊராட்சியின் பெயரும் குக்கிராமத்தின் பெயரும் இடம்பெற வேண்டும். அது நடந்தால், வருவாய் கிராமப் பட்டியலில் எதையும் மாற்றாமலேயே ஊராட்சிக் கணக்கையும் கூட்டி எடுத்துவிடலாம். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரு கிராமத்துக்கு அரை நாள் வேலை என்பது என் மதிப்பீடு.

எந்தக் குக்கிராமம் எந்த ஊராட்சியைச் சேர்ந்தது என்று காட்டி அவ்வாறு தயாராகும் ஒப்பீட்டுப் பட்டியலை எண்ணும் பணிக்கு முன்பே ஒன்றிய அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்தால், விடுபட்ட குக்கிராமங்களை அவ்வூர் மக்களே சுட்டிக்காட்டித் திருத்திக்கொள்ள வழி பிறக்கும்.

இங்ஙனம்,
இம்மாவட்டத்து ஊராட்சி ஒன்றின் வாக்காளர்