கஞ்சில் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் கஞ்சிலும் முதலைகளும் கதை வந்திருந்தது. கஞ்சில் என்பது நம் மலேசியாவின் மலாய்க் கதைகளில் வரும் தந்திரக்காரச் சருகுமான். கதை பரவாயில்லை. கடைசி இரண்டு வரிதான் நான்கு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. முதலைகளின் முதுகில் தாவித் தாவி அக்கரை சேர்ந்த கஞ்சில், திரும்பி நின்று, "உங்களை ஏமாற்றியது என் தவறு, என்னை மன்னித்துவிடுங்கள்" என்று கண்ணீர் விடுகிறது. முதலைகளும் மன்னித்துவிடுகின்றன. அதற்குக் கீழே கட்டம் கட்டி, "நீதி: யாரையும் ஏமாற்றக் கூடாது" என்று போட்டிருக்கிறீர்கள்.

என் ஐந்து வயதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். முடித்ததும் கேட்டாள்: "பாட்டி, முதலைதானே கஞ்சில சாப்பிடப் பாத்துச்சு? அப்புறம் ஏன் கஞ்சில் சாரி சொல்லுது?" 31 ஆண்டு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அவளுக்குக் கதையை முதலிலிருந்து சரியாகச் சொன்னேன்.

அந்தக் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. அக்கரையில் ரம்புத்தான் பழுத்துக் கிடக்கிறது. ஆறு முழுக்க முதலை. கஞ்சில் கரையில் நின்று, "ராஜா சுலைமான் உத்தரவு, உங்களுக்கெல்லாம் விருந்து கொடுக்கப் போகிறார், தலையை எண்ணிக்கொண்டு வரச் சொன்னார்" என்கிறது. முதலைகள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வரிசையாகப் படுக்கின்றன. "சத்து, டுவா, தீகா, லெக்கோக்! ஜந்தான், பெத்தினா, அக்கு கெத்தோக்!" என்று மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பாடிக்கொண்டே ஒவ்வொரு தலையிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தாவுகிறது. ஆணோ பெண்ணோ, எல்லாருக்கும் ஒரு தட்டு. இந்த நாட்டில் மலாய்ப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, சீனப் பிள்ளை எல்லாம் அந்த இடத்தில் தொடையைத் தட்டிக்கொண்டு சேர்ந்து கத்தும். உங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டு இல்லை. ராஜாவின் உத்தரவும் இல்லை. மன்னிப்புக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிளை கிளையாகக் கொம்பு வைத்த ஒரு பெரிய மானை வரைந்திருக்கிறீர்கள். கஞ்சிலுக்குக் கொம்பே கிடையாது. நன்றாக வளர்ந்தாலும் இரண்டு கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். ஒரு பூனையைவிடச் சிறியது, கால் நம் விரல் தடிமன். என் அப்பா விடியற்காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகும்போது நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்து சொல்வார். அவ்வளவு சிறியது என்பதால்தானே அதற்கு இந்தக் கதையே! கொம்பை வைத்து அதைப் பெரிதாக்கிவிட்டால், முதலையை ஏன் ஏய்க்க வேண்டும் என்று பிள்ளைக்குப் புரியாமல் போகும். பெயரை வேறு 'எலிமான்' என்று போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தைப் பார்த்து வார்த்தைக்கு வார்த்தை மாற்றிய பெயர் அது. தமிழில் சருகுமான் என்று அழகான பெயர் இருக்கிறது. காய்ந்த சருகுக்குள் சருகோடு சருகாக நின்றுவிடும் பிராணி.

எங்கள் தோட்டத்தில் இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த ஒரு கிழவி. அவருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. கம்பத்து (மலாய்க் கிராமத்து) கிழவியிடம் கேட்ட கஞ்சில் கதையையும், ஊரிலிருந்து கொண்டுவந்த நரிக் கதையையும் கலந்து சொல்வார். சாயங்காலம் பிள்ளையைத் தூக்க வரும் அம்மாமார்களும் கொஞ்ச நேரம் நின்று கேட்பார்கள். முதலை வரிசையில் படுக்கும் இடம் வந்தால் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் சிரிப்பார்கள். ஏன் என்று அப்போது தெரியவில்லை. பால் எடை குறைகிறது என்று கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) அரைநாள் பேர் வெட்டிக் கூலியைக் குறைத்த அன்றைக்கு அந்தச் சிரிப்பு இன்னும் சத்தமாக இருக்கும் என்பது, நான் ஆசிரியையான பிறகுதான் புரிந்தது. வாய் திறந்து ஒன்றும் கேட்க முடியாதவர்களுக்கு அந்தக் கதை ஒன்றுதான் இருந்தது, ஐயா. அதில் கஞ்சிலை முதலையிடம் மன்னிப்புக் கேட்க வைத்தால், அந்த அம்மாமார்களைக் கிராணியிடம் மன்னிப்புக் கேட்க வைத்தது போலத்தான் எனக்குப் படுகிறது.

'பிள்ளைகள் ஏமாற்றக் கற்றுக்கொள்வார்கள்' என்று நீங்கள் பயப்படலாம். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். நோஞ்சானாக ஒரு பையன் இருந்தான். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் சிற்றுண்டிச்சாலை வாசலில் நின்று தினமும் அவன் ஐம்பது சென் காசைப் பிடுங்கிக்கொள்வான். எங்களுக்குத் தெரியாது, அவன் சொல்லவில்லை. கஞ்சில் கதை சொன்ன மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அந்தப் பெரிய பையன் முன்னால் போய் நின்றிருக்கிறான். "பெரிய டீச்சர் எண்ணச் சொன்னாங்க. யாரு யாருகிட்ட எவ்வளவு காசு இருக்குன்னு எழுதணும். உங்க பேரு என்ன, எந்த வகுப்பு?" பெரியவன் ஓடிவிட்டான். பிறகு அந்த நோஞ்சான் பையனே வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பெரிய பையனிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்க வேண்டுமா?

கஞ்சில் யோக்கியன் என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டத்தில் வெள்ளரிக்காய் திருடுகிறது. பிசின் தடவிய பொம்மையில் ஒட்டிக்கொண்டு மாட்டுகிறது. அப்போதும் விவசாயியின் நாயை ஏய்த்துக் கூண்டுக்குள் விட்டுவிட்டுத் தான் தப்பிக்கிறது. அந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள்: "பாவம் டீச்சர் அந்த நாய்!" நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அப்புறம் ஒரு நாள் நத்தைக் கதையைச் சொல்வேன். தன்னைவிட வேகம் யாருமில்லை என்று கஞ்சில் நத்தையைப் பந்தயத்துக்கு இழுக்கிறது. ஒரே மாதிரி இருக்கும் நத்தைகள் ஆற்றோரம் வழிநெடுக உட்கார்ந்து, அது கூப்பிடும்போதெல்லாம் "நான் முன்னால்தான் இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கின்றன. கஞ்சில் ஓடி ஓடி விழுகிறது. தன்னைவிடப் பெரியதிடம் அது ஜெயிக்கும். தன்னைவிடச் சிறியதிடம் திமிர் காட்டினால் தோற்கும். இந்த நியாயம் கதைகளுக்குள்ளேயே இருக்கிறது. கட்டம் கட்டி நாம் ஒட்ட வேண்டியதில்லை.

இது முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் சிங்கமும் முயலும் கதையில், கிணற்றுக்குள் குதிக்க வேண்டிய சிங்கம் தன் நிழலைப் பார்த்து வெட்கப்பட்டு, அன்றிலிருந்து இலை தின்ன ஆரம்பித்தது. அப்போது ஒரு கடிதம் எழுதினேன். வரவில்லை. பிறகு குரங்கும் முதலையும் கதை. முதலையின் மனைவி கேட்பது குரங்கின் ஈரலை. நீங்கள் 'குரங்கின் தொப்பி' என்று மாற்றியிருந்தீர்கள். தொப்பியை மரத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்வதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? எல்லாரும் அப்படித்தானே விட்டுவிட்டு வருவார்கள்! ஈரலைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு வந்தேன் என்று சொல்லி, அதை முதலை நம்பும்போதுதான் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். அதற்கும் எழுதினேன். அதுவும் வரவில்லை. வயதானவள் பொழுதுபோகாமல் எழுதுகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். பரவாயில்லை.

இந்தக் கதைகள் லேசாக நம் கைக்கு வந்துவிடவில்லை. பஞ்சதந்திரத்தைத் தமிழ்வழியாக மலாய்க்கு 1835இல் கொண்டுபோனவர் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. அந்த மலாக்கா எங்கே எழுந்தது? துரத்தி வந்த வேட்டைநாயை ஒரு வெள்ளைச் சருகுமான் உதைத்துத் தண்ணீரில் தள்ளிய இடத்தில் என்று செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. மான்கூட இவ்வளவு தைரியமாக இருக்கிறதே என்று வியந்துதான் ராஜா அங்கே ஊர் கட்டினார். இன்றைக்கும் மலாக்கா மாநிலச் சின்னத்தில் இரண்டு சருகுமான்கள் நிற்கின்றன. இதெல்லாம் நீங்கள் அறிந்ததே. அறிந்தும் அதை அழ வைத்துவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த ஞாயிறு சிறுவர் பக்கத்தில் ஒரு நாலு விரல் இடம் ஒதுக்கி, அந்தக் கதையின் முடிவை மட்டும் மறுபடி போடுங்கள்: கஞ்சில் அக்கரையில் ஏறி, ரம்புத்தானைத் தின்றுகொண்டே சிரித்தது. அந்தப் பாட்டையும் சேர்த்துவிடுங்கள். சருகுமான் என்ற பெயரைப் போட்டு, படத்திலுள்ள கொம்பையும் எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும். என் பேத்தி பத்திரிகையைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள். சரியான முடிவு வந்ததும் வெட்டி அதன்மேல் ஒட்ட வேண்டுமாம்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.