இருபது பவுண்டின் கதை

அன்புள்ள மகன் செழியனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்; உன் நலமறிய ஆவல். போர்ட் ஹார்கோர்ட்டில் உன்னோடு வேலை பார்க்கும் இக்போ இனத்துப் பெரியவர், தம் தந்தைக்கு இருபது பவுண்டுதான் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டதாகச் சொன்னாய். அது தொலைபேசியில் விளக்கி முடிகிற விஷயம் அல்ல, அதனால்தான் எழுதுகிறேன்.

1966 ஜனவரியில் நைஜீரியாவில் இளம் ராணுவ அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று, பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவாவையும் வட மாகாணத் தலைவர் அகமது பெல்லோவையும் கொன்றார்கள். அந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் இக்போக்கள் என்பதால், வடக்கில் அது இனச் சதியாகவே பார்க்கப்பட்டது. அவ்வாண்டே வடக்கு நகரங்களில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கள் தாயகமான கிழக்கு மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னர் கிழக்கு மாகாணத்தார் பயாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிந்தது எண்ணெய்க்காகவே என்று உன்னிடம் சிலர் சொல்லக்கூடும். எண்ணெய்க்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்த அகதிகளை விட்டுவிட்டு பயாஃப்ராவைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

1967 ஜனவரியில் கானாவின் அபுரியில் நடந்த சமரசப் பேச்சும் வீணாயிற்று. மே 27 அன்று நைஜீரிய ராணுவ ஆட்சித் தலைவர் கோவன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகப் பிரித்து, எண்ணெய் வளமும் துறைமுகமும் உள்ள பகுதிகளை இக்போ நிலத்திலிருந்து தனியே பிரித்தார். மூன்றே நாளில், மே 30 அன்று, கிழக்கு மாகாணத்தின் ராணுவ ஆளுநர் ஒஜுக்வு பயாஃப்ரா குடியரசை அறிவித்தார். அதை அங்கீகரித்தவை தான்சானியா, காபோன், ஐவரி கோஸ்ட், சாம்பியா, ஹைட்டி ஆகிய ஐந்து நாடுகள் மட்டுமே. பிரிட்டனும் சோவியத் யூனியனும், மற்றெல்லாவற்றிலும் எதிரெதிராக நின்றவை, இதில் ஒரே பக்கம் நின்று நைஜீரியாவுக்கு ஆயுதம் கொடுத்தன.

போர் மூண்டு, பயாஃப்ராவின் தலைநகர் எனுகு அக்டோபரிலேயே நைஜீரியப் படையிடம் வீழ்ந்தது. 1968 மே மாதம் நீ இருக்கும் ஊரும் கைமாறியதும் கடல்வழி அடைபட்டது. அதன்பின் மக்களைக் கொன்றது பெரும்பாலும் பசிதான். இறந்தவர்கள் பத்து லட்சம் என்போரும் உண்டு, முப்பது லட்சம் என்போரும் உண்டு. உலி என்ற ஊரில் நெடுஞ்சாலையையே அகலப்படுத்தி ஓடுதளமாக்கி, இரவில் விமானம் இறங்கும் சில கணங்கள் மட்டும் விளக்கேற்றி, தேவாலய அமைப்புகள் அனுப்பிய கருவாட்டையும் பால்மாவையும் இறக்கினார்கள். நீ பிறப்பதற்கு முன் நான் ஓவெரியில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, உடன் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் பைபிளுக்குள் வைத்திருந்த பயாஃப்ரா ஒரு பவுண்டு நோட்டைக் காட்டினார். பனைமரமும் அதன் பின்னால் உதயசூரியனும் அச்சிட்ட அந்த நோட்டு மடிப்பில் கிழிந்திருந்தது. நான் தொட்டுப் பார்க்கக் கை நீட்டியபோது தயங்கித்தான் கொடுத்தார்.

ஒன்றை நீ மறக்கக் கூடாது. இஜா, ஒகோனி, இபிபியோ போன்ற சிறுபான்மை இனத்தவரில் பலர் அந்தக் குடியரசை விரும்பவில்லை. தங்களைக் கேளாமல் தங்கள் மண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள் என்ற மனத்தாங்கல் அவர்களுக்கு இருந்தது, அது நியாயமானதும்கூட.

1970 ஜனவரியில் ஒஜுக்வு ஐவரி கோஸ்ட்டுக்குப் போய்விட, அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பிலிப் எஃபியோங் சரணடைந்தார். 'வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை' என்று கோவன் அறிவித்தார். போர்க் குற்றம் சாட்டி எவரையும் தூக்கிலிடாததை அவருடைய பெருந்தன்மையாகவே நான் மதிக்கிறேன். ஆனால் போர்க்காலத்தில் வங்கிக் கணக்கு வைத்திருந்த இக்போக்களுக்கு, எவ்வளவு போட்டிருந்தாலும், இருபது பவுண்டே திரும்பக் கிடைத்தது. 1972-இல் அந்நிய நிறுவனங்களின் பங்குகள் உள்நாட்டவருக்கு விற்கப்பட்டபோது அவர்கள் கையில் காசில்லை. போர்ட் ஹார்கோர்ட்டில் அவர்கள் விட்டுப்போன வீடுகள் 'கைவிடப்பட்ட சொத்து' என்ற பெயரில் பிறர் கைக்குப் போயின. பட்டினியைப் பற்றி நிதானமாகப் பேசியவர்கள்கூட இந்த வீடுகளைப் பற்றிப் பேசும்போது குரல் உயர்த்தியதை நான் பார்த்திருக்கிறேன். எனவே உன் தெருவில் ஒரு பழைய வீடு யாருடையது என்று வேடிக்கையாகக்கூட விசாரிக்காதே.

உமுவாஹியாவில் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒஜுக்வுவின் பதுங்கு அறையும் அந்த ஊரில்தான் உள்ளது. விடுமுறையில் போக நினைத்தால், சாலை நிலவரத்தை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, துணையோடு பகலிலேயே போய்த் திரும்பு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா