வலையை விட்டு

அன்பு மகன் செல்வாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீ போன் பேசி 22 நாள் ஆகிறது. வேலை இருக்கும், சரி. வேளைக்குச் சாப்பிடு.

போன வாரம் கிரேக்க அகராதியை வெயிலில் காயவைத்தேன். 'விடு' என்று பொருள்படும் அஃபியேமி என்ற சொல் இருக்கும் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. பத்து வயதில் ஆல்பா முதல் ஓமேகா வரை தடுமாறாமல் சொன்ன பிள்ளை நம் சபையிலேயே நீ ஒருவன்தான். இந்தச் சொல்லும் உனக்கு நினைவிருக்கும். பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்கிறோமே, அங்கே இருப்பது இதுதான். மாற்கு முதல் அதிகாரத்தில் சீமோனும் அந்திரேயாவும் வலைகளை விட்டுப் போவதும் இதே சொல். சீமோனுடைய மாமிக்கு ஜுரம் விட்டதும் இதே சொல். மன்னிப்புக்கென்று பெரிய வார்த்தை தேடவில்லை பார், கையிலிருந்து வலையை விடுகிற வார்த்தையே போதுமாக இருந்திருக்கிறது.

அப்புறம் அந்தோனியு லோங்கு. 2ஆம் நூற்றாண்டில் எகிப்தில் தன் தாய்க்குக் கடிதம் எழுதியவன். அந்தப் பாப்பிரஸ் தாள் பெர்லினில் இருக்கிறது. செராப்பிஸ் என்ற எகிப்திய தெய்வத்தைக் கும்பிடுகிறவன், ஆனால் புதிய ஏற்பாட்டின் அதே நாட்டுப்புறக் கிரேக்கம். கந்தையோடு திரிகிறேன், அதனால் கரானிஸ் ஊருக்கு வர வெட்கப்பட்டேன் என்கிறான். பாவம் செய்தேன் என்பதற்கு ஹேமார்த்தேக்கா என்கிறான். ஹோமரிடத்தில் அந்த வினை, எறிந்த ஈட்டி குறி தவறுவதற்கு வரும். ஒருவனுக்கு ஒரு ஓபொலு காசு கடன்பட்டிருப்பதைவிட ஊனமாவது மேல் என்றும் எழுதுகிறான். இதையெல்லாம் போஸ்துமு என்பவன் முந்திக்கொண்டு தாயிடம் சொல்லிவிட்டானாம்.

நம் தெருவிலும் அப்படி ஆள் உண்டு. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் தகப்பன் உயிரோடு இருக்கும்போது ஒரு பிள்ளை இப்படியா இருப்பது? சரி, விடு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

என்னோடு ஒப்புரவாகும் என்று லோங்கு தாயைக் கெஞ்சுகிறானே, "உன் சகோதரனோடே ஒப்புரவாகி" என்று மத்தேயு 5இல் வருவதும் அந்தச் சொல்தான். அதற்குமேல் அந்தக் கடிதத்தை என்னால் வாசிக்க முடியவில்லை.

அகராதி அந்தப் பக்கத்தில் ஏன் திறக்கிறது தெரியுமா? சித்தப்பா எழுதிக்கொடுத்த 40,000 ரூபாய் புரோநோட்டு உள்ளே இருக்கிறது. ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் அவன் கையெழுத்து, மை பரவிப்போய், எதிர்ப்பக்கத்திலும் ஊதாவாக ஒட்டியிருக்கிறது. அதை அங்கே வைத்துக்கொண்டுதான் வகுப்பில் அஃபியேமி சொல்லிக்கொடுத்தேன். கடைசியாக அவன் வந்த அன்று உள்ளே கூப்பிடாமல் திண்ணையிலேயே பேசி அனுப்பினேன். நீதான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாய். அவன் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். அடுத்த மாதம் அவனை அடக்கம் செய்தோம்.

அன்று பார்த்த முகத்தை நினைத்துத்தான் என்னிடம் பேசாமல் இருக்கிறாயா?

நோட்டை நான் கிழிக்கவில்லை. சித்தி கையில் கொடுக்க வேண்டும். தனியாகப் போக எனக்குக் கால் வரவில்லை. கந்தையோ பட்டோ, எப்படியிருந்தாலும் வா. சேர்ந்து போவோம். வரும் வழியில் பட்டினியாக வராதே.

அப்பா