ஒரு பிற்பகலைக் காலியாக விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நவம்பர் பிற்பாதியில் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் நம் குடும்பங்கள் பல திருச்சி விமானம் ஏறுகின்றன. நவக்கிரகக் கோயில்கள், குலதெய்வம், உறவினர் வீடு. திரும்பி வந்தவர்களைக் கேட்டால், “எல்லாம் பார்த்தாச்சு, ஆனா ஒரே அலைச்சல்” என்கிறார்கள். இதில் ஊர்மீது குற்றமில்லை, அட்டவணைமீதுதான். திறந்த மனத்தோடு போங்கள் என்று யாரும் சொல்லிவிடலாம். மணிக்கணக்கு பிசகினால் எந்த மனமும் சுருங்கித்தான் போகும்.

ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் முடிக்கும் திட்டத்தையே பாருங்கள். கும்பகோணம் வட்டாரத்தில் பெரும்பாலான கோயில்கள் காலை 6 மணி வாக்கில் திறந்து, நண்பகல் 12 அல்லது 12.30க்கு நடை சாத்திவிடும். மறுபடி திறக்க மாலை 4 ஆகும். கும்பகோணத்துக்கு மேற்கே திங்களூர். கிழக்கே காரைக்காலை ஒட்டித் திருநள்ளாறு. இரண்டையும் ஒரே நாளில் தொடப் பார்த்தால், வேன் ஏதோ ஒரு கோபுர வாசலில் போய் நிற்கும்போது கதவு சாத்தியிருக்கும். உடனே ஓட்டுநர்மீது கோபம், பிள்ளைகள் முகத்தில் வாட்டம். உண்மையில், இடையிலுள்ள அந்த மூன்றரை, நான்கு மணி நேரத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். திங்களூர், ஆலங்குடி, திருநாகேசுவரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் ஒரு நாள். வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு மறுநாள். ராகுகால பூசையைப் பார்ப்பதே நோக்கம் என்றால் ஒழிய, ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை திருநாகேசுவரம் வேண்டாம், நெரிசல் அதிகம். சனிக்கிழமைத் திருநள்ளாறும் அப்படியே.

இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். இங்கே 6 மணிக்கு எழுந்து பழகிய உடம்பு அங்கே 3.30க்கே விழித்துக்கொள்ளும். தூக்கம் போச்சே என்று புரண்டு கிடக்காமல், குளித்துவிட்டு நடை திறக்கும் நேரத்துக்கு வாசலில் போய் நில்லுங்கள். கூட்டம் இராது, கல்தரையும் குளிர்ந்திருக்கும். அதேபோல், இரவு 7 மணிக்குப் பிள்ளை சிணுங்கினால் அடம் என்று எண்ணாதீர்கள். அதன் உடம்புக்கு மணி 9.30. முதல் இரண்டு நாள் இரவு விருந்துகளுக்கு அன்போடு மறுப்புச் சொல்லிவிடலாம்.

நடை சாத்தியிருக்கும் பிற்பகலுக்குக் கும்பகோணத்துக்கு அருகே சுவாமிமலை இருக்கிறது. அங்குள்ள ஸ்தபதிகளின் பட்டறைகளில், தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில்தான் சிலையை முதலில் வடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லப் பூசி நிழலில் காயவிட்டு, மேலும் மண் ஏற்றி, கம்பியால் கட்டிச் சூடேற்றுவார்கள். மெழுகு உருகித் துளை வழியே வெளியேறிவிடும். உள்ளே காலியான இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஓர் அச்சுக்கு ஒரே சிலை. சாப்பாட்டு நேரம் கழிந்து 2 மணிக்குமேல் போங்கள். வாங்கப்போவதில்லை என்றால் நுழையும்போதே சொல்லிவிடுங்கள், பார்க்கத்தான் வந்தோம் என்று. படம் எடுக்குமுன் கேளுங்கள். பிள்ளைகளை விட்டுக் கேள்வி கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது.

மாலை நேரத்துச் சண்டைகள் பலவும் பசியில் பிறப்பவை. வேனில் வாழைப்பழம், கடலைமிட்டாய், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கு எதுவும் போகாமல் திட்டத்தை மாற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். “நம்ம சிங்கப்பூர்ல இப்படியா?” என்று பெரியவர்கள் ஒருமுறை சொன்னால் போதும், பிள்ளைகளின் கண் ஜன்னலை விட்டுக் கைப்பேசிக்குத் திரும்பிவிடும். அதையே “இங்க ஏன் இப்படிச் செய்றாங்க?” என்று ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள். மண், மழை, சாகுபடி என்று அவர் சொல்லச் சொல்ல, அதே சாலை வேறு சாலையாகத் தெரியும்.

மழை என்றதும் நினைவுக்கு வருகிறது: நவம்பர், டிசம்பர் அங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். நனைந்த பிரகாரக் கல் வழுக்கும். முதியவர்கள் பக்கத்தில் ஒருவர் கைப்பிடித்து நடக்க வேண்டும். ஒரு கோயில் விடுபட்டால் விடுபடட்டும். வழிநெடுக சம்பா வயல் பச்சைப்பசேல் என்று நிற்பதும் அந்த மழையால்தான். கும்பகோணத்திலிருந்து திருச்சி ஏறக்குறைய 95 கிலோமீட்டர். மழையில் எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. அதனால் விமானத்துக்கு முந்தைய இரவு திருச்சியிலேயே தங்குவது நிம்மதி.

இங்கே சுற்றுலா ஏற்பாடு செய்யும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணிகளுக்குக் கொடுக்கும் தாளில் ஒவ்வொரு கோயிலின் நடை சாத்தும் நேரத்தையும் அச்சிடுங்கள். ஒரு பிற்பகலுக்கு எதிரே எதையும் எழுதாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்