கொப்பி ஒன்று அனுப்புகிறேன்

பாலையூற்று,
திருகோணமலை.

அன்பு மகனுக்கு,

பெரியம்மா வீட்டு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலில் கொழும்புக்கு வருகிறான். அவனிடம் ஒரு பொதி கொடுத்துவிடுகிறேன். அதில் அம்மா வைத்ததெல்லாம் சாப்பிடுவதற்கு. நான் வைத்தது 160 பக்கக் கொப்பி ஒன்று. எதற்கென்று தொலைபேசியில் சொன்னால் "சரி அப்பா, சரி அப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் நீ வந்து நின்ற நான்கு நாளும் நான் ஒன்றும் கேட்கவில்லை. கவனிக்கவில்லை என்று நினைக்காதே. இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டே சைக்கிள் சாவி எங்கே என்று கேட்டாய். ஆணியில் தொங்குகிறது என்றேன். கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் கேட்டாய். அதே குரல், அதே சொற்கள். பிறகு கிழக்குப் பக்க யன்னலைச் சாத்தச் சொன்னாய். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நீ. இந்தக் காலை வெயிலுக்கு நீ கண்ணைச் சுருக்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

மிச்சத்தை உன்னோடு றக்பி ஆடும் நண்பன் வாய்தவறிச் சொன்னான். யாருடையதோ முழங்கால் உன் காதுக்கு மேலே பட்டதாம். விழுந்து எழுந்தவன் எதிரணியின் வரிசையில் போய் நின்றாயாம். எல்லோரும் சிரித்தார்களாம், நீயும் சிரித்தாயாம். ஆட்டத்தையும் முடித்தாய், அடுத்த சனிக்கிழமையும் இறங்கினாய்.

நான் உதைபந்தாட்டக்காரன். ஏகாம்பரம் மைதானத்துக்கு அப்பால் எனக்கு விளையாட்டு தெரியாது. உன்னைக் கண்டியில் விடுதியில் விட்டது படிக்க. நீ றக்பியோடு திரும்பி வந்தாய். அதனால் இந்த இரண்டு கிழமையாக நானும் படித்தேன். தலையில் அடிபட்டு அப்படித் தடுமாறியவனை அந்த நிமிடமே வெளியே எடுக்க வேண்டும், அன்று மறுபடி உள்ளே விடக்கூடாது என்பதுதான் உலக றக்பி அமைப்பின் விதி. பிறகு ஓய்வு, மெல்லிய ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, மோதலோடு பயிற்சி என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணித்தியாலம். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது விழுவதுதான் ஆபத்து. வட அயர்லாந்தில் 2011இல் 14 வயது மாணவன் ஒருவன் தலையில் அடிபட்டும் தொடர்ந்து ஆடினான். மைதானத்தில் விழுந்தவன் பிறகு எழவில்லை.

ஸ்டீவ் தொம்சனை நீ அறிந்திருப்பாய். நீ ஆடும் அதே ஹூக்கர் இடத்தில்தான், முன்வரிசையின் நடுவில், 2003இல் சிட்னியில் இங்கிலாந்து உலகக் கிண்ணம் வென்றபோது அவர் ஆடினார். 2020 டிசம்பரில், 42 வயதில், தனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்றும் அந்த வெற்றியே ஞாபகத்தில் இல்லை என்றும் சொன்னார். அதை வாசித்துவிட்டு உன் சைக்கிள் சாவியை நினைத்தேன். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் பயமுறுத்தத்தான் எழுதுகிறேன்.

இனிக் கொப்பிக்கு வருகிறேன். துறைமுகத்தில் 22 வருடம் நான்கு வின்ச்கள், கம்பிவடத்தால் பாரம் இழுக்கும் இயந்திரங்கள், என் பொறுப்பில் இருந்தன. நான்குக்கும் தனித்தனிக் கொப்பி. என்றைக்குக் கிறீஸ் பூசியது, எந்தக் கம்பிவடத்தில் எத்தனை இழை அறுந்தது, யார் பார்த்தது, எல்லாம் இருக்கும். மூன்றாம் இலக்க வின்ச்சின் பிரேக் முதன்முதலாகக் கத்திய திகதிகூட இருக்கிறது. என் இடுப்பு முதன்முதலாகக் கத்திய திகதி எங்கும் இல்லை. கியர்ப்பெட்டி மூடியைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது. ஊசி போட்டு மத்தியானமே வேலைக்கு அனுப்பினார்கள். வீரம் என்று நினைத்து நானும் போனேன். பத்து வருடம் கழித்து நிமிர முடியாமல் போய் நட்டஈடு கேட்டபோது, எப்போது, எங்கே, யார் பார்த்தது என்று கேட்டார்கள். வின்ச்சைப் பற்றிக் கேட்டிருந்தால் பக்கத்தைத் திறந்து காட்டியிருப்பேன்.

ஆகவே எழுது. திகதி, யாரோடு ஆட்டம், உடம்பில் எந்த இடம், அன்றிரவு தூங்கினாயா, என்ன மாத்திரை தந்தார்கள், ஆடலாம் என்று யார் சொன்னார்கள். ஸ்கான் எடுத்தால் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி ஒட்டு. இந்தக் கிழமையே நரம்பியல் வைத்தியர் ஒருவரைப் பார். கழகத்து வைத்தியர் நல்லவராகவே இருக்கட்டும், சனிக்கிழமை உன்னைத் தேடுகிற ஆட்களிடம்தான் அவரும் சம்பளம் வாங்குகிறார்.

சம்பளம் என்றதும் இன்னொன்று. உன் சம்பளச் சீட்டில் 8 வீதம் கழிக்கிறார்களா? கழித்தால், கழகம் தன் பங்கு 12 வீதத்தையும் சேர்த்து ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டுகிறதா? ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் போகிறதா? என் கம்பனி மாதம் தவறாமல் கழித்தது. சில வருடங்கள் கட்டவே இல்லை. தொழில் திணைக்களத்துப் படிகளில் ஏறி இறங்கியதில் இடுப்பு இன்னும் கொஞ்சம் போனது. உங்களுக்குத் தருவதில் பாதி "ஊக்கத்தொகை" என்று நீ ஒருமுறை சொன்னாய். கேட்க இனிப்பான சொல். அதற்குச் சேமலாபம் உண்டா என்று எழுத்தில் கேள்.

கழகம் பெரியது, ஒன்றும் ஆகாது என்று சொல்லாதே. இங்கிலாந்தில் வூஸ்டர், வாஸ்ப்ஸ் என்ற றக்பிக் கழகங்கள் 2022இல் பணமில்லாமல் விழுந்தன, லண்டன் ஐரிஷ் 2023இல் விழுந்தது. வாஸ்ப்ஸ் 1867இல் தொடங்கிய கழகம். ஆனால் அங்கே வீரர்களுக்கென்று 1998இலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்ல, ஆடும்போதே படிப்புக்கு வழிகாட்ட, மனம் உடைந்தால் இரகசியமாகக் கதைக்க ஆள் உண்டு. ஜப்பானில் பல அணிகள் கம்பனிகளுடையவை. ஊழியராகவே இருந்து ஆடுபவர்களுக்கு ஆட்டம் முடிந்தாலும் மேசை இருக்கிறது. இங்கே படை அணிகளில் ஆடுபவர்களுக்குச் சேவைக்காலம் முடிந்தால் ஓய்வூதியம் உண்டு. அந்தச் சீருடையைப் பற்றி இந்த வீட்டில் கதைப்பது எளிதல்ல, விடு. உங்களைப் போன்றவர்களுக்கு என்ன இருக்கிறது? ஸ்கிரமில் எட்டுப் பேர் தோளோடு தோள் பிடித்துத் தள்ளுகிறீர்கள். ஒருவருடைய ஒப்பந்தத்தை மற்றவர் பார்த்ததுண்டா?

பாதியில் விட்ட குளிரூட்டிப் பயிற்சியையும் முடி. கிழமையில் இரண்டு பின்னேரம் போதும், கழகத்திடம் கேட்டு வாங்கு. பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலை நின்ற பிறகும் நான் விடிய எழுந்து சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனேன், ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னவன். ஏதோ தற்காலிக வேலை என்று உனக்குச் சொல்லியிருந்தோம். வேலை ஒன்றும் இல்லை. பிரடெரிக் கோட்டைக்குள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். மான்கள் வந்து பையை முகரும். பதினொரு மணிக்கே அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் துறைமுகச் சங்கு ஊதும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். தெரிந்தவர் யாராவது கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மூன்று கிழமை அப்படி. அம்மாவுக்கு முதல் நாளே தெரியுமாம். ஒன்றும் கேட்காமல் மூன்று கிழமையும் சோறு கட்டித் தந்தாள். எனக்கு அப்போது 46 வயது. ஆட்டக்காரர்கள் நீங்கள் முப்பத்திரண்டு, முப்பத்திமூன்றிலேயே அந்த மரத்தடிக்கு வந்துவிடுவீர்கள்.

ஆட்டத்தை விடு என்று நான் சொல்லவில்லை. அம்மா சொல்வாள், அது உனக்கும் அவளுக்கும். நீ ஆடுவதை ஒரேயொரு முறை கண்டி நித்தவலை மைதானத்தில் வந்து பார்த்தேன். விதி ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்தவருடைய குடையை உடைத்துவிட்டேன்.

பொதியில் பாரைக் கருவாடு இருக்கிறது. கொப்பியில் வாடை ஏறாமல் தனிப் பையில் கட்டியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அந்தச் சனிக்கிழமையின் திகதியை நானே எழுதிவிட்டேன். இடதுபக்கமா வலதுபக்கமா என்று உன் நண்பன் சொல்லவில்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, நிரப்பிவிட்டுப் படம் எடுத்து அனுப்பு.

அப்பா